விண்வெளிக் கட்டில்

கதவைத் திறந்ததும் நான்கு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஜெயந்தினி வரவில்லை.

"பிள்ளைக்கு மனசு குழம்பியிருக்கும் போல, டீச்சர்" என்றார் மனநல டொக்டர்.

அதைச் சொல்லும்போது மனுஷனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். மூன்று நாளாக ஒருவரும் குழம்பிக் கொடுக்காததால், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

பதுளையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் மைதானம். அதில் வெள்ளைச் சாயம் பூசிய ஒரு கொன்டெய்னர். கொழும்பிலிருந்து வந்த நிறுவனம் அதற்கு விண்வெளி நிலையம் என்று பெயர் வைத்திருந்தது. பெயர் வைக்கக் காசா பணமா?

ஐந்து மாணவர்கள் மூன்று நாள் உள்ளே அடைபட்டிருக்க வேண்டும். தங்கள் கையையும் சுவரையும் பஞ்சால் துடைத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பஞ்சில் இருக்கும் கிருமிகளின் மரபணுவை ஓர் இயந்திரம் எழுத்தெழுத்தாகப் படித்துத் தரும். பிள்ளைகள் அந்த எழுத்துகளை லெப்டொப்பில் ஒப்பிட்டு, யாருடைய கிருமி யாரிடம் போனது என்று கண்டுபிடிப்பார்கள்.

விண்வெளி உயிரியலாம். நெருங்கி இருந்தால் ஒருவருடைய தடிமன் மற்றவருக்குத் தொற்றும். அட, இதைச் சொல்ல ரொக்கெட் வேண்டுமா?

"ஐந்து பேர், ஒரே அறை! உங்களால நினைச்சுப் பார்க்க முடியுதா?" என்று தொடக்க விழாவில் நிறுவனத்துச் சேர் கண்ணை உருட்டினார். முன்வரிசைப் பெற்றோர் உச்சுக்கொட்டினார்கள்.

அந்த முன்வரிசையில் இருந்த ஹார்ட்வெயார் முதலாளியின் மகன் ஷாமில் முதல் நாள் மாலையே கதவில் உதைத்து அழுதான். வெளியே எடுத்தார்கள். தட்டிக்கொடுத்தார்கள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து மறுபடி உள்ளே விட்டார்கள்.

அதற்குப் பெயர் இசைவாக்கமாம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை வாசலுக்கு வரக் கொஞ்சம் சுணங்கினால் மட்டும் மூளைக் குழப்பம்.

டொக்டர் பேனாவைத் திறந்தார்.

கடைசி வரை உள்ளே இருந்த பிள்ளைக்கு மனம் தெளிவாக இருக்கிறது என்று அவர் எழுதினால், இந்தப் பள்ளிக்கூடத்திலேயே உயர்தர விஞ்ஞான வகுப்பில் இடம், விடுதியும் இலவசம். பூனாகலைப் பக்கம் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சாதாரணதரத்துக்கு மேல் வகுப்பே கிடையாது. அவர் வேறு மாதிரி எழுதினால் ஜெயந்தினியின் படிப்பு அதோடு சரி.

"நில்லுங்க டொக்டர், பார்க்காம எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவரும் பின்னால் வந்தார்.

சுவரோடு சுவராக ஐந்து கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. நான்கு திரைகள் திறந்து கிடந்தன.

"ஜெயந்தினி!"

ஐந்தாவது திரை மூடியபடியே இருந்தது. அல்லாஹ்வே, வரமாட்டேன் என்ற பிள்ளையை வற்புறுத்திக் கூட்டி வந்தவள் நான். திரையை விலக்கினேன்.

தூங்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வாய் திறந்தபடி கட்டில் முழுக்கப் பரந்து படுத்திருந்தாள்.

"பாருங்க, அசைவே இல்லை" என்று டொக்டர் காதுக்குள் முணுமுணுத்தார்.

நான் அவள் தோளைத் தொட்டேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. காலை மடக்கினாள். கையை நெஞ்சோடு சேர்த்தாள். அப்படியே நகர்ந்து போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கட்டிலில் பாதிக்கு மேல் எனக்கு விட்டாள்.

"வாடி, படு" என்றாள் தூக்கத்தில்.

டொக்டர் பேனாவோடு நின்றார். "யாரோட பேசுறா?"

"தங்கச்சியோட. அவங்களுக்குத் தோட்டத்து லயத்துல ஒரே காம்பரா, டொக்டர். அந்த ஒரு அறைக்குள்ள ஏழு பேர். தனியா ஒரு கட்டில்ல இவ படுத்தது இந்த மூணு நாளுந்தான்."

அவர் கட்டிலின் காலியான பாதியைப் பார்த்தார்.

"தெளிவா இருக்கானு எழுதுங்க" என்றேன்.

எழுதி முடிக்கும் வரை அவர் கையைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பிறகு திரையை இழுத்து மூடினேன். அவளை எழுப்பவில்லை.