மூன்று மடங்கு கூலி

"பதினேழாயிரத்து நானூற்று அறுபது. இப்பவே எண்ணி வைடா." சொல்லிக்கொண்டே வெல்டர் ஓங்கிக் குத்தினார். பிட்டர் வேலை பார்க்கும் மச்சினன், உடை மாற்றும் அறையின் இரும்பு அலமாரி மேல் போய் விழுந்தான்.

"சாயங்காலம் தந்துடுறேன் மாமா. மூணு மடங்கு கூலி. அணு உலைக்குள்ள பத்தே நிமிஷ வேலை."

"அக்கா புருஷன்னா இளிச்சவாயன்னு நெனச்சியா?" அடுத்த அடி ஸ்பேனரால் விழுந்தது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது.

நாலு பேர் ஓடிவந்து வெல்டரை மடக்கினார்கள். காயத்தில் வைக்கப் பஞ்சோடு குனிந்தவரை வெல்டர் காலாலேயே எட்டித் தள்ளினார். "கட்டுப் போடாதே. ஒழுகட்டும்."

பிட்டர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.

அவன் சட்டையில் இருந்த பேட்ஜ் அவனுடையதல்ல. உடம்பில் ஏறும் கதிர்வீச்சைக் கணக்கிடும் பேட்ஜ் அது. அவனுடையது இந்த வருடத்துக்கான அளவைப் போன வாரமே தொட்டுவிட, மேஸ்திரி வேறொருவனுடையதை மாட்டிவிட்டிருந்தார். வெளியே தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். பிறகு எந்த உலையிலும் வேலை கிடைக்காது.

வாசலில் வெளிநாட்டு அம்மாள் ஒருவர் நின்றார். ஒரு நாட்டு உலையை இன்னொரு நாட்டார் சோதிப்பது என்று பல நாடுகள் கூடிப் பேசி அனுப்பிய குழு அவருடையது. பேட்ஜ் எண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். பிட்டருக்குப் போன உயிர் திரும்பியது. அப்புறம் புருவத்தைப் பார்த்தார். கையை நீட்டி மறித்தார்.

"ரத்தக் காயத்தோட உள்ள போகக் கூடாது," என்றார் மொழிபெயர்ப்பாளர். "அங்க இருக்குற தூசு ரத்தத்துல கலந்துடும். எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம். நேத்தே செவுத்துல ஒட்டினாங்களே, படிக்கலையா?"

"காயம் ஆறினதும் வரலாமா?"

"அதுக்குள்ள இந்த வேலை முடிஞ்சிடும்."

பிட்டர் திரும்பி ஓடிவந்து வெல்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மாறி மாறி அறைந்தான். உதடு கிழிந்தது; பல் ஒன்று ஆடியது. வெல்டர் கையைத் தூக்கவே இல்லை.

"உன் கடனை அடைக்கத்தானய்யா உள்ள போகப் பாத்தேன். என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே. இனி எங்கேருந்து தருவேன்?"

வெல்டர் ரத்தத்தைத் துப்பினார்.

"செவுத்துல இருந்ததை நான் படிச்சேன் மாப்ளே. உன் சட்டையில இருக்குறது யாரு பேட்ஜுன்னும் தெரியும். கடன் தள்ளுபடி, வீட்டுக்குப் போ."