சிவப்புத் தட்டு

பதினோராவது கருவியும் ஊமையாகத்தான் பிறந்தது.

பெரியவர் அதன் இரண்டு கிளிப்புகளையும் ஒன்றையொன்று கவ்வவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை. எடுத்துச் சிவப்புத் தட்டில் வைத்தார். தேறாதவை எல்லாம் அதில்தான் போகும்.

கட்டடத்தின் எர்த் கம்பி சுவருக்குள் எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி. ஒரு கிளிப் கீழே மெயின் போர்டில், இன்னொன்று மூன்றாம் மாடி பிளக்கில். கம்பி முழுசாக இருந்தால் உள்ளே இருக்கும் பஸ்ஸர் ஊசி குத்துவதுபோல் 'பீப்' என்று கத்தும். கத்தாவிட்டால் அந்த வீட்டில் ஈரக் கையோடு யாரும் பிரிட்ஜைத் தொடக்கூடாது.

இருபத்தாறு வருடமாக இந்தக் கம்பெனியில் இதைப் பாகம் சேர்த்துப் பூட்டுகிறார். பட்டப்பெயர் பாம்புக்காது. பற்றவைப்பு சரியில்லாத பஸ்ஸரை அது கத்துகிற நடுக்கத்தை வைத்தே சொல்லிவிடுவார். நடுவில் ஒரு மாதம் ஒயர் வெட்டும் பக்கம் போட்டிருந்தார்கள். இன்றுதான் மறுபடி இந்த மேஜை.

"புது சரக்குன்னு சொல்லி எவனோ குப்பையைத் தலையில கட்டிட்டான்" என்று முனகினார்.

மனதும் இங்கே இல்லை. நாளை ஞாயிறு. நான்காவது ஞாயிறு.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகள் ஞாயிறு தவறாமல் வருவாள். எங்களோடு வந்து இருங்கள் என்று அவள் சொல்லப்போக, மருமகன் வீட்டில் மூட்டையாகக் கிடக்கமாட்டேன் என்று இவர் சொல்லப்போக, பேச்சு தடித்துவிட்டது. இனி இந்தப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். நரம்பில்லாத நாக்கு.

போன் செய்ய இவருக்கு ரோஷம். அவளும் செய்யவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆனாலும் வருவாள் என்றுதான் நம்பினார். மூன்று ஞாயிறும் இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பெல் கேட்க வேண்டுமே என்று டிவியைக்கூடப் போடவில்லை. அந்த பெல் அவரே செய்தது. இதே பஸ்ஸர்தான்.

மூன்று ஞாயிறும் வீடு அப்படியே கிடந்தது. அழுதுவிடலாம் போலிருந்தது.

பன்னிரண்டாவதைப் பூட்டினார். கிளிப்புகளைக் கவ்வவிட்டு, இந்த முறை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தார்.

பக்கத்து மேஜையில் அட்டைப்பெட்டி மடிக்கிற பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அண்ணே, போதும்ணே! காலையிலருந்து அதைக் கத்தவிட்டுக்கிட்டே இருக்கீங்க, காதைத் துளைக்குது."

அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. மேலே மின்விசிறி கடகடப்பது கேட்டது. வெளியே லாரி உறுமுவதும் கேட்டது. அந்த ஊசிச் சத்தம் மட்டும் இல்லை.

சிவப்புத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். கிளிப்புகளைக் கவ்வவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினாள். அடுத்தது. சுருக்கினாள். பதினொன்றும் உயிரோடுதான் இருந்தன.

போன ஞாயிறு சாயங்காலம் வெளிக்கேட்டில், பெல் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கியது. உள்ளே ஆரஞ்சு. யாரோ வீடு மாறி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.