பெரியதம்பியின் ஸ்கேன்

ஸ்கேனில் வந்த அந்த எண் நானூற்றுப் பத்தா, இருபதா என்று இப்போது சரியாக நினைவில்லை. பெரியதம்பியைக் கேட்டால் அவரும் மழுப்புகிறார். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அவர் கிரேன் ஓட்டினார். சர்க்கரை உள்ளவர்கள் இதய ஸ்கேன் எடுக்க வேண்டும், மோசமாக வந்தால் கிரேனிலிருந்து இறக்கி கேட் காவலுக்கு மாற்றிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

"பன்னெண்டு வருச சுகர். இதய ரத்தக்குழாய்ல கால்சியம் நானூறைத் தாண்டிடுச்சு," என்றார் கம்பெனி டாக்டர் வினிதா.

"மிஷின் தப்புங்க மேடம். அந்த நெஞ்சு கல்லு மாதிரி."

"கல்லாத்தான் ஆயிட்டிருக்கு. சுகர் இருந்தா வலி இல்லாமலே அட்டாக் வரும்."

"வேற ஆளுக்குச் சொல்லுங்க. நான் கிரேனை விட்டு இறங்க மாட்டேன்."

"படி ஏறினா மூச்சு வாங்குதா? அதையாவது சொல்லுங்க."

பெரியதம்பி ஜன்னல் வழியே ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வாங்குதுங்க. நேத்துகூட கேன்டீன் படியில பாதியிலயே நின்னுட்டான்."

"நின்னுட்டானா? யாரு?"

"கமலக்கண்ணன். என் ஷிப்ட்காரன். இந்த அட்டையை மாட்டிக்கிட்டு எனக்குப் பதிலா ஸ்கேன்ல படுத்தவன். சுகரே இல்லைன்னான். ஒரு தடவைகூட டெஸ்ட் பண்ணினதில்லை. என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, கவலையில்லை. மொதல்ல அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

கமலக்கண்ணனுக்குப் பெங்களூரில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள், சர்க்கரையும் இருந்தது. பெரியதம்பி தானே படுத்து எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆள்மாறாட்டத்துக்காக வேலை போனது. இப்போது பர்கூரில் ஒரு கல் குவாரியில் கிரேன் ஓட்டுகிறார்.