ஒரு வரி விடாமல்

ப்ராஜெக்ட் தேர்வுக்கு வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினரின் கார் போர்ட்டிகோவில் வந்து நின்றுவிட்டது. லேபில் எல்லோரும் தலைமுடியையும் சட்டைக் காலரையும் சரிசெய்துகொண்டிருக்க, முனீஸ்வரி மட்டும் தன் ப்ராஜெக்ட்டின் நடுப்பகுதியை அழித்துக்கொண்டிருந்தாள்.

அழித்த இடத்தில் வேறு வரிகளை அடித்தாள். எதையும் பார்த்து அடிக்கவில்லை. அத்தனையும் விரல்களுக்கு மனப்பாடமாக இருந்தது.

பக்கத்து சீட் ஜோதிகா பதறிப் போனாள். "என்னக்கா பண்றீக? நல்லா ஓடிக்கிட்டிருந்ததை ஏன் அழிக்கிறீக?"

"இதுவும் ஓடும்டி."

ஜோதிகா எட்டிப் பார்த்தாள். செவலை, கருவாயன், மணியன். திரையில் இருந்த பெயர்களைப் படித்ததும் அவள் முகம் வெளிறியது. மூன்றும் துறைத்தலைவர் சுரேஷ்கண்ணன் கோம்பையில் வளர்க்கும் நாய்கள். எந்த ப்ரோகிராம் எழுதினாலும் உள்ளே நாய்களின் பெயரைத்தான் வைப்பார். அதை வகுப்பில் பெருமையாகச் சொல்லியும் காட்டுவார்.

"இது சாரோடதுக்கா. அவுக கண்ணுல பட்டா நீங்க படிச்சதெல்லாம் போச்சு."

முனீஸ்வரி சேவ் செய்தாள்.

பி.ஏ. வரலாறு முடித்து, உத்தமபாளையத்தில் டீச்சராக இருந்தவள் அவள். வேலையை விட்டுவிட்டு மறுபடி முதலாமாண்டில், கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து புருஷன் வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த டிகிரியும் இல்லாமல் திரும்பினால் அந்த வீட்டில் அவளுக்கு மரியாதையும் இல்லை, இடமும் இல்லை.

சுரேஷ்கண்ணன் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏம்மா ஹிஸ்டரி' என்பார். ஒரு செமிகோலன் விட்டுப்போனால், அசோகர் மரம் நட்டதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாமே என்பார். வகுப்பு சிரிக்கும். முனீஸ்வரியும் சேர்ந்து சிரிப்பாள். வெளியே வந்ததும், எல்லோரும் பார்க்க இந்த மனுசன் தலைகுனிஞ்சு நிக்காம நான் இந்தக் காலேஜை விட்டுப் போக மாட்டேன் என்று ஜோதிகாவிடம் பல்லைக் கடிப்பாள்.

முதல்வர் முத்துப்பாண்டி, எக்ஸ்டர்னலுக்குச் சால்வை போர்த்தி லேபுக்குள் அழைத்து வந்தார். மதுரையிலிருந்து வந்திருந்த வேல்விழி மேடம். யார் முதலில் என்று கேட்டதும் முனீஸ்வரி எழுந்து நின்றாள்.

ப்ராஜெக்ட் எளிமையானதுதான். கூட்டுக் கிணற்றில் இன்றைக்கு யாருடைய முறை, யார் மோட்டார் போடலாம் என்பதைச் செல்போனில் சொல்லும். பங்காளிகள் தங்களுக்குள் முறையை மாற்றிக்கொண்டால் அதையும் பதிந்துகொள்ளும்.

வேல்விழி அந்த இடத்தில்தான் நிறுத்தினார். முறையை மாற்றியதும் பழையது சுவடே இல்லாமல் அழிந்துவிடுகிறதே, மாற்றியது யார் என்றுகூடத் தெரியவில்லையே, ஒரு கிணற்றுக்கு எதற்கு இத்தனை ரகசியம் என்று கேட்டார்.

முனீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் சுரேஷ்கண்ணன் குனிந்து திரையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இதை இந்தம்மா எழுதலை. நான் எழுதினது."



"சார் சும்மா சொல்றாக மேடம்," என்றாள் முனீஸ்வரி. "இதுக்கும் அவுகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

சுரேஷ்கண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போனை எடுத்து நாய்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். இது செவலை, இது கருவாயன். இந்த ஜில்லாவிலேயே இப்படிப் பெயர் வைத்து ப்ரோகிராம் எழுதுகிற ஆள் தான் ஒருவன்தான், தன் பழைய சிஸ்டம் எதையோ துழாவித் திருடியிருக்கிறாள் என்றார்.

வேல்விழி தயங்கினார். பெயர் ஒத்துப்போவது மட்டும் போதாது, திருட்டு என்று எழுதிக் கொடுத்தால் ஒரு பெண்ணின் படிப்பே முடிந்துபோகும், நிச்சயமாகத் தெரியுமா என்று இரண்டு தரம் கேட்டார்.

"ஒரு வரி விடாம என்னோடது மேடம். எங்கன வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

போட்டார். இந்த ப்ரோகிராமை எழுதியவன் நானே, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று தன் கைப்பட எழுதியே போட்டார். கீழே முதல்வர் சாட்சிக் கையெழுத்திட்டார். ஜோதிகா துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முனீஸ்வரி அழவில்லை. சுரேஷ்கண்ணன் பேனாவை மூடிப் பையில் செருகும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசைப்பட்டுப் படிக்க வந்த இடத்தில் ஏம்மா உனக்கு இந்தப் புத்தி என்று முதல்வர் வருத்தப்பட்டார்.

"குடும்பமே அப்படித்தான் சார்," என்றார் சுரேஷ்கண்ணன். "அஜய்குமார்னு ஒருத்தன், யாருக்கும் தெரியாம மார்க்கைத் திருத்த ப்ரோகிராம் எழுதினான்னு நீங்கதானே டிஸ்மிஸ் பண்ணீக? அந்த ப்ரோகிராமைப் பிரிண்ட் எடுத்து அவன் வீட்டுக்கே அனுப்பி வச்சோமே. இப்ப ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப் ஓட்டுறான். அவனோட அக்காதான் இது. சேர்றப்பவே எனக்குத் தெரியும், பாவம்னு விட்டு வச்சேன்."

முதல்வர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முனீஸ்வரி திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க எங்க வீட்டுக்கு அனுப்பின அந்த ப்ரோகிராம்தான் சார் இது."