ஒரு சாமான் குறையுது

"இந்தத் தடவை என்னப்பா காணோம்?"

ஸ்டோர் அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"இழுவைக் கயிறு, அக்கா. சேத்துல வண்டியை இழுக்கும்போது அறுந்துபோச்சு" என்றான் ஜீப் டிரைவர்.

"போன மாசம் மண்வெட்டி. அதுக்கு முந்தி பம்பு. அதுக்கும் முந்தி பலகை. உன் வண்டி என்ன, சாமானைத் தின்னுதா?"

அவன் கயிற்றை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

மலைமேல் ரோடு போட அளவெடுக்கும் முகாமுக்கு இருந்தது அந்த ஒரே ஜீப்தான். பாதை என்று பேர். பாதி சேறு, பாதி பாறை. நடுவழியில் நின்றால் கேட்க நாதியில்லை. அதனால் வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அக்கா ஒரு பட்டியல் போட்டிருந்தாள். ஜாக்கி, ஸ்டெப்னி, ஃபேன் பெல்ட், டார்ச், மருந்துப் பெட்டி, தண்ணீர் கேன் என்று மொத்தம் இருபத்திரண்டு. ஒன்று குறைந்தாலும் வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. டிரைவர் மட்டும் இறங்கி வந்து, அடிவாரத்து ஸ்டோரில் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் மேலே போக வேண்டும்.

அன்று சாயங்காலம் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார்.

"சாமானை வித்துத் திங்கிறான்னு நினைக்கிறேன். நாளைக்கு நீங்களே கூடப் போய்ப் பாருங்க. உண்மைன்னா சீட்டைக் கிழிச்சிடலாம்."

அக்காவுக்கும் அதே சந்தேகம்தான்.

மறுநாள் காலை ஜீப் கிளம்பியது. அக்கா கூட வருகிறாள் என்றதுமே டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று மணி நேரம் ஏறியிருப்பார்கள். ஒரு வளைவுக்கு முன்னால் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன.

அவன் மண்ணை வெட்டித் தள்ளி, ஒரு சக்கரத்துக்கு அடியில் பலகையைக் கொடுத்தான். அந்தச் சக்கரம் ஏறியது. இன்னொன்று சுற்றிச் சுற்றி ஆழமாகப் போனது.

"இன்னொரு பலகை இருந்தா ஏறிடும். பழசைத்தான் ஆத்தோட போயிடுச்சுன்னு சொன்னியே" என்றாள் அக்கா.

டிரைவர் வானத்தைப் பார்த்தான். இருட்டிக்கொண்டு வந்தது மழை. அக்காவைப் பார்த்தான். பிறகு வளைவைத் தாண்டி நடந்தான்.

திரும்பி வரும்போது தோளில் ஒரு பலகை இருந்தது. அதில் சிவப்புப் பெயின்ட்டில் பட்டியல் எண் ஏழு. அக்கா தன் கையால் எழுதியது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் வந்த வழியே போனாள். பாறை இடுக்கில் ஒரு தார்ப்பாய். தூக்கிப் பார்த்தாள். சுருட்டி வைத்த கயிறு, துடைத்து வைத்த மண்வெட்டி, பிளாஸ்டிக் பையில் பம்பு. ஒன்றுகூட விற்கப்படவில்லை.

"எதுக்குப்பா இது?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் லீவு, அக்கா. மேல சிக்னலும் கிடையாது. போன வருஷம் லீவுல வீட்டுக்குப் போனேன். எம்பொண்ணுதான் கதவைத் திறந்தா. மூணு வயசு. உள்ள திரும்பி, 'அம்மா, யாரோ மாமா வந்திருக்காரு'ன்னா."

அவன் தார்ப்பாயில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டான்.

"ஒரு சாமான் குறைஞ்சா, கீழ ஸ்டோருக்குப் பக்கத்துலயே இருக்கிற வீட்ல ஒரு ராத்திரி தங்கலாம். முகாம்ல ஏதாவது பொய் சொல்லிட்டு இறங்குவேன், வழியில இங்க வெச்சிடுவேன். ஆள் ஏத்துற அன்னிக்கு எதையும் குறைச்சதில்லை, சத்தியமா. இப்பல்லாம் ஜீப் சத்தம் கேட்டாலே 'அப்பா'ன்னு ஓடி வர்றா. நேத்து என் செருப்புல ஒண்ணை எங்கேயோ ஒளிச்சு வெச்சிட்டா. நான் மேல போகக் கூடாதாம்."

அக்கா அவன் காலைப் பார்த்தாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

"தப்புப்பா" என்றாள்.

"தெரியும், அக்கா. நீங்க மேனேஜர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

முதல் தூறல் விழுந்தது.

"எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு" என்றாள் அக்கா, அவனைப் பார்க்காமல். "வருஷத்துக்கு ஒரு தடவை வருவாரு. போன தடவை குளிக்கப் போகும்போது, 'துண்டு எங்க இருக்கும்?'னு என்னைக் கேட்டாரு. சொந்த வீட்ல."

பிறகு தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"எல்லாத்தையும் வண்டியில ஏத்து. இனிமே ஒண்ணுகூடத் தொலையக் கூடாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏற்றினான்.

கீழே திரும்பியதும் மேனேஜர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

"என்ன, வித்திருக்கானா?"

"இல்ல, சார். எல்லாம் வழியிலேயே கிடைச்சுது. ஸ்டோர்ல வெச்சாச்சு. இனிமே எதுவும் தொலையாதுன்னு அவன்கிட்ட எழுதியும் வாங்கிட்டேன்."

"நல்லது. இனிமே அடிக்கடி இறங்கி வர வேலை இருக்காது."

அக்கா ஒரு தாளை நீட்டினாள். "பட்டியலைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன், சார். ஒரு கையெழுத்து."

மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் படித்தார்.

"இருபத்து மூணாவதா ரொட்டியா? எதுக்கு?"

"நடுவழியில நின்னுட்டா பசிக்கும்ல, சார்."

"அது சரி. ஆனா ரொட்டி ஒரு வாரத்துல பூஞ்சை பிடிச்சிடுமே, அம்மா?"

"ஆமா, சார்" என்றாள் அக்கா. "வாரா வாரம் அவன் இறங்கி வந்து மாத்திட்டுப் போகட்டும்."