மணிக்கூண்டின் மேல்தட்டு

குடியிருந்த பாலத்தை இடித்துவிட்டதால் செங்காலி என்ற புறா வேறு ஊர் தேடினாள். கிழக்கூரில் அரிசி மண்டியும் நிழலும் இருந்தன. மேற்கூரிலோ வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. கிழக்கூர்தான் என்று அவள் முடிவு செய்த நேரத்தில் காகம் வந்தது.

"பாலத்துல உனக்குப் பக்கத்துல இருந்தாளே சாம்பலி, அவ மேற்கூர் மணிக்கூண்டுல கூடு கட்டிட்டா!"

செங்காலிக்கு வயிறு எரிந்தது. அன்றே மேற்கூருக்குப் பறந்தாள். சாம்பலிக்கும் மேலே, உச்சித்தட்டில் கூடு கட்டினாள். பசியில் கண் இருட்டினாலும் கீழே எட்டிப் பார்த்து, "சௌக்கியமா அக்கா?" என்றாள்.

"நல்லவேளை வந்தே! என் இடத்தையும் நீயே வச்சுக்கோ. இங்க ஒரு மணி அரிசி கிடையாது. நான் கிழக்கூருக்குக் கிளம்பறேன்" என்றாள் சாம்பலி.

அவள் பறந்துபோய்ப் புள்ளியாகும்வரை செங்காலி பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடி எரிந்த வயிற்றில் பசிகூட மறந்துபோயிருந்தது.