பீரோ

புதுப்பட்டினத்து மாடி அறையில் மத்தியான வெயில் டிவித் திரையைப் பாதி தின்றுவிட்டிருக்கிறது. விபத்துக்குப் பிறகு பெஞ்சமினின் வலது கட்டைவிரல் அசைவதில்லை. வீடியோ கேமில் அடி விழும்போது வீரனை உருண்டு தப்பவைக்கும் பொத்தானோ அந்த விரலுக்கு உரியது. அதனால் விளையாட்டில் கிடைத்த புள்ளிகளையெல்லாம் தன் வீரனின் உயிர்பலத்திலும் இரும்புக் கவசத்திலும் கொட்டியிருக்கிறான். வீரன் நடக்கும் சத்தத்தில் கீழ்வீட்டில் தட்டுகள் அதிர்கின்றன. "இன்னா மச்சான், பீரோவ கூட்டினு வந்துகீற? இந்த வாட்டியும் செத்தன்னா நான் வேற ஆளோடதான் ஆடணும்" என்கிறான் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் கூட்டாளி ரஞ்சித்குமார். "பீரோ ஓடாது மச்சான். வுழவும் வுழாது." திரையில் எதிரே நிற்கும் அரக்கனின் கோடரி இறங்குகிறது. வீரன் ஒரு முழம் பின்னால் சரிந்து, நிற்கிறான், சுத்தியலைத் தூக்குகிறான். ரஞ்சித்குமார் தன் வீரனை அந்த இரும்பு முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துகிறான்.